கோபால்ட்டின் இடத்தில் இரும்பு

(லித்தியம் பாட்டரியின் விஞ்ஞானம் குறித்துத் தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பாட்டரியைப் பற்றி. கைபேசியில் இருப்பது, மின்சார ஆட்டோவில் இருப்பது, பகலில் சூரிய ஒளியில் விளைந்த மின்சாரத்தைச் சேர்த்துவைத்து இரவில் கொடுப்பது ஆகிய பாட்டரிகள் எல்லாம் இன்று பெரும்பாலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. லித்தியம் அயனி பாட்டரி என்று அதற்குப் பெயர். 1991இல் ஜப்பானில் சோனி கம்பெனி இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது இதற்குக் கோபால்ட் என்ற உலோகம் இல்லாமல் முடியாது என்றிருந்தது. கோபால்ட் அரிதான உலோகம். விலை அதிகம். அதன் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது.

இப்போது 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, அந்த ஆண்டில் உலகெங்கும் மின்சார வாகனங்களில் பொருத்தப்பட்ட பாட்டரிகளில், கொள்ளளவை வைத்துப் பார்த்தால், ஏறக்குறையப் பாதி இரும்புப் பாட்டரிகள். அவற்றில் கோபால்ட் வேலை செய்யவில்லை. அதன் இடத்தில் இரும்பு வேலை செய்கிறது. ஆணியும் அரிவாளும் செய்கிறோமே, அதே இரும்புதான்.

இரும்பைப் பாட்டரியில் வைக்கலாம் என்று 1997இலேயே தெரியும். தெரிந்தும், பெரிய வேலைக்கு அது உதவாது என்றுதான் பலர் நினைத்தார்கள். பிறகு என்ன நடந்தது? இரும்பின் குணம் மாறிவிட்டதா? இல்லை. இரும்புக் கூட்டுப்பொருளைப் பொடியாக்கும் விதம் மாறியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதில் விஞ்ஞானமும் இருக்கிறது, சுரங்கமும் இருக்கிறது, கோர்ட்டு வழக்கும் இருக்கிறது.

பாட்டரிக்குள் நடப்பது என்ன?

லித்தியம் பாட்டரியில் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று எதிர்முனை. அது தாமிரத் தகட்டின் மேல் பூசிய கிராபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி. மற்றொன்று நேர்முனை. அது அலுமினியத் தகட்டின் மேல் பூசிய ஓர் உலோகக் கூட்டுப்பொருள். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய தாள். எங்கும் ஊறி நிற்பது, லித்தியம் உப்பைக் கரைத்த ஒரு திரவம்.

பாட்டரியைச் சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுப் புறப்பட்டு, திரவத்தின் வழியாகப் போய், கிராபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே குடியேறுகின்றன. பாட்டரி வேலை செய்யும்போது அதே அயனிகள் வீடு திரும்புகின்றன. அயனிகள் உள்ளே திரவத்தின் வழியாக நடக்கும்போது, எலெக்ட்ரான்கள் வெளியே கம்பியின் வழியாக நடக்கின்றன. கம்பி வழியே போகும் அந்த நடைதான் நமக்கு மின்சாரம்.

இதில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் தங்கும் பொருள் வெறும் பெட்டியல்ல. அது கெட்டியான பொருள். அந்தக் கெட்டியான பொருளுக்குள் அயனியும் நுழைந்து போகவேண்டும், எலெக்ட்ரானும் நுழைந்து போகவேண்டும். இரண்டில் ஒன்று தாமதித்தாலும் வேலை நின்றுபோகும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

கோபால்ட் வந்த கதை

1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விற்கும் எக்ஸான் கம்பெனியே பாட்டரி ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது. அங்கே ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி டைட்டானியம் சல்பைடின் அடுக்குகளுக்குள் லித்தியத்தை நுழைத்து, மறுபடி வெளியே எடுத்துக் காட்டினார். மறுமுனையில் அவர் வைத்தது லித்தியம் உலோகம். அதில் ஊசிபோல் முளைகள் கிளம்பி எதிர்ப்புறத்தைத் தொட்டன, தீப்பிடித்தது.

1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தனர். ஏறக்குறைய 4 வோல்ட் கிடைத்தது. 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை விலக்கிவிட்டு எதிர்முனையில் ஒரு கரிப்பொருளை வைத்தார். தீ அபாயம் பெருமளவு குறைந்தது. 1991இல் சோனி விற்கத் தொடங்கியது. 2019இல் இந்த மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். 2023இல், தமது நூறாவது வயதில் காலமானார். கோபால்ட் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் முன்வரவில்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்ற அந்தப் பாட்டரியிலிருந்து குட்இனஃபுக்கு உரிமைத் தொகை எதுவும் வரவில்லை.

கோபால்ட் நல்ல வேலைக்காரன், சந்தேகமில்லை. ஆனால் பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்கில் கோபால்ட் ஏறக்குறைய 25 பங்குதான். இரும்போ நூற்றுக்கு 5 பங்கு. கைபேசிக்குக் கோபால்ட் கட்டுப்படியாகும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் எப்படிக் கட்டுப்படியாகும்?

கோபால்ட்டின் விலையைக் காசில் மட்டும் கணக்கிட முடியாது. காங்கோவின் தெற்கே கொல்வேசி வட்டாரத்தில் மனிதர்கள் கையாலே குழி தோண்டி, வெளிச்சமும் காற்றும் இல்லாத பொந்துகளில் இறங்கி, கோபால்ட் கல்லை எடுத்துவருகிறார்கள். தென் காங்கோவின் சுரங்கங்களில் ஏறக்குறைய 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக யுனிசெப் 2014இல் மதிப்பிட்டது. 2016இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு டாலர் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை கல் சுமந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னது. நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் கதையில் இதுவும் ஒரு அத்தியாயம்.

இரும்பு ஏன் தோற்றது?

அப்படியானால் ஆரம்பத்திலேயே இரும்பை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைத்துப் பார்த்தார்கள். சாதாரண இரும்பு ஆக்சைடில் வோல்ட் போதவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியாகவேண்டும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் அமரபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர் ஆறுமுகம் மந்திரம். அவர் குட்இனஃபுடன் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார். இரும்பு, வெறும் ஆக்சிஜனோடு இருக்கும்போது கொடுக்கும் வோல்ட்டைவிட, சல்பேட் போன்ற ஒரு கூட்டத்தோடு இருக்கும்போது கொடுக்கும் வோல்ட் அதிகம். இரும்பு சல்பேட்டில் 3.6 வோல்ட் கிடைத்தது. இரும்பு அதே இரும்புதான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் இந்த ஆறுமுகம் மந்திரம்தான்.

இந்த வழியிலேயே போய், 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தார்கள். சுமார் 3.4 வோல்ட். விலை மலிவு. விஷமில்லை. இன்னொரு பெரிய நன்மை, பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கோபால்ட் ஆக்சைடு அளவுக்கு மீறிச் சூடானால் ஆக்சிஜனை விட்டுவிடும். அந்த ஆக்சிஜன் உள்ளிருக்கும் திரவத்தை எரியவைக்கும். பாஸ்பேட்டில் அந்த அபாயம் வெகுவாகக் குறைவு. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாட்டில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இது சின்ன விஷயமல்ல. எந்தப் பாட்டரியும் தீயே பிடிக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிடிப்பது கடினமா எளிதா என்பதில் வித்தியாசம் உண்டு.

இவ்வளவு நன்மைகள் இருந்தும் அது பரீட்சையில் தோற்றது. 1997இல் உள்ளிருந்த லித்தியத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதையும் மெதுவாக எடுத்தால்தான். காரணம் இரண்டு.

முதலாவது, இந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கோபால்ட் ஆக்சைடோடு ஒப்பிட்டால் அதன் கடத்தும் திறன் லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. எலெக்ட்ரானுக்கு வழியில்லை.

இரண்டாவது, லித்தியம் அயனி இதற்குள் ஒரே திசையில்தான் போகமுடியும். கோபால்ட் ஆக்சைடு ஒரு மைதானம் மாதிரி; எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் போகலாம். இரும்பு பாஸ்பேட் நீளமான குறுகிய சந்துகள் மாதிரி. சந்தின் நடுவே ஓர் இரும்பு அணு இடம் தவறி வந்து உட்கார்ந்துவிட்டால், பின்னால் இருப்பவர்களெல்லாம் மாட்டிக்கொள்வார்கள். குறுக்கே ஒரு கட்டைவண்டி நின்றுவிட்ட சந்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அளவைக் குறைத்தால் என்ன ஆகும்?

சந்தை அகலப்படுத்த முடியாது. அது இயற்கையின் அமைப்பு. ஆனால் சந்தின் நீளத்தைக் குறைக்கலாம் அல்லவா? இதுதான் திருப்பம்.

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70,000, 80,000 நானோமீட்டர் இருக்கும். நான் சொல்லும் துகள்களோ 100 நானோமீட்டர், 50 நானோமீட்டர் அளவுள்ளவை.

கெட்டியான பொருளுக்குள் அயனி நேராக நடந்துபோவதில்லை. முன்னே ஒரு எட்டு, பின்னே ஒரு எட்டு என்று தடுமாறித் தடுமாறித்தான் போகிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 10,000 நானோமீட்டர் துகளை 100 நானோமீட்டர் ஆக்கினால், தூரம் நூறில் ஒரு பங்கு; நேரம் பதினாயிரத்தில் ஒரு பங்கு. முன்பு ஒரு முழு நாள் பிடித்த பயணம், இப்போது ஒன்பது விநாடிக்குள் முடிந்துவிடுகிறது! பொருளைத் தொடவில்லை, அளவை மட்டும் குறைத்தோம்.

மேற்பரப்பையும் பாருங்கள். கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைகிறது. கட்டையைவிடச் சுள்ளி சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. ஏன்? வெளிமுகம் அதிகம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால், மொத்த வெளிப்பரப்பு 60 சதுர மீட்டர். விரல்நுனி அளவுள்ள கட்டி, ஒரு சிறிய வீட்டின் தரையளவு பரப்பைப் பெறுகிறது. அயனி உள்ளே நுழைய அத்தனை வாசல்கள்!

அளவு மாற்றம் ஒரு கட்டத்தில் குணமாற்றமாகிறது என்று இந்த வட்டத்தில் படித்திருக்கிறீர்கள். தண்ணீர் நீராவியாவதைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம். இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இதில் மாயம் ஒன்றுமில்லை. எந்த இடத்தில் தடை, அந்தத் தடை எந்தக் கணக்குப்படி வளர்கிறது என்று அறிந்து, அதற்கேற்ற இடத்தில் கைவைத்தார்கள். அவ்வளவுதான்.

பொரி உருண்டை

சந்து குறுகிவிட்டது, அயனிக்கு வழி கிடைத்தது. எலெக்ட்ரானுக்கு? அதற்குக் கரி உதவியது. கனடாவில், மான்ட்ரியால் நகரத்து விஞ்ஞானிகளும் ஹைட்ரோ கியூபெக் என்ற அரசு மின்சார நிறுவனமும் 1999 வாக்கில் ஒரு வழி கண்டார்கள். மிஷேல் அர்மாண்ட் அந்தக் குழுவில் முக்கியமானவர். இரும்பு பாஸ்பேட்டோடு கரிமப் பொருளைக் கலந்து, காற்றுப் படாமல் சூடாக்கினார்கள். அது கருகி, ஒவ்வொரு துகளின் மேலும் சில நானோமீட்டர் கனத்துக்குக் கரிப் படலமாகப் படிந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். எலெக்ட்ரான் துகளின் தோல்மேலேயே ஓடிப்போய்விடும். இந்த வேலைக்குச் சர்க்கரைகூடப் போதும் என்றும் கண்டார்கள்.

2001இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழுவினர், நுண்துகளையும் கரியையும் நெருக்கமாகக் கலந்து, கணக்கில் சொல்லப்படும் முழுக் கொள்ளளவில் 90 சதவீதத்தை இரண்டு மணி நேர வேகத்திலேயே எடுத்துக் காட்டினர். நான்கே ஆண்டுகளில், உதவாது என்ற பொருள் உதவும் பொருளாயிற்று.

ஆனாலும் ஒரு தொல்லை மிஞ்சியது. மிக நுண்ணிய தூள் பஞ்சுபோல் லேசாக இருக்கும். ஒரு டப்பாவில் கொஞ்சம்தான் அடங்கும். தொழிற்சாலையில் அதைக் குழைத்துத் தகட்டில் பூசுவதும் கஷ்டம். இதற்குக் கண்ட வழி நமக்குப் பழக்கமானதே. பொரியைத் தனியே மூட்டை கட்டினால் இடம் அடைக்கும். வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடித்தால் கையடக்கமாகும். அதேபோல் நானோ துகள்களைக் கரியால் பிணைத்து, சில ஆயிரம் நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக்குகிறார்கள். உருண்டை கைக்கும் யந்திரத்துக்கும் ஏற்றபடி பெரிதாக இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு மணியும் சிறிதாகவே இருக்கிறது. மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் திரவம் ஊறிக்கொள்கிறது. தொழிற்சாலைக்கும் அணுவுக்கும் இடையே ஏற்பட்ட சமரசம் இது.

கரிசல் மண்ணும் சிலிக்கானும்

இதுவரை சொன்னது நேர்முனை. எதிர்முனையிலும் இதே நுணுக்கம் வேறொரு தடையைத் தீர்க்கிறது.

கிராபைட் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைத்தான் ஏற்கும். மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கானோ ஏறக்குறைய 3,600 வரை ஏற்கும். சுமார் பத்து மடங்கு! பிறகென்ன தாமதம்? சிலிக்கான் லித்தியத்தை விழுங்கினால் மூன்று, நான்கு மடங்கு ஊதிவிடுகிறது. லித்தியம் வெளியேறினால் சுருங்குகிறது. மழையில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சில முறை சார்ஜ் செய்வதற்குள் சிலிக்கான் நொறுங்கி, தகட்டை விட்டே உதிர்ந்துபோகும்.

2008இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுயி குழுவினர், சிலிக்கானைத் தகடாக வைக்காமல், நாற்றங்கால்போல் நெருங்கி நிற்கும் நானோ கம்பிகளாக வளர்த்தனர். கம்பிக்குக் கம்பி இடைவெளி இருந்ததால், ஊத இடம் இருந்தது, உடையவில்லை. பிறகு 2012இல் இன்னோர் உண்மை தெரிந்தது. சிலிக்கான் துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் முதல் முறை ஊதும்போது வெடிப்பதில்லை. அதற்கு மேலே போனால் வெடிக்கிறது. பெரிய பாளம் வெடிக்கும்; சின்ன மணி தாங்கும். ஆனாலும் இன்று கடைக்கு வரும் பாட்டரிகளில் பெரும்பாலும் கிராபைட்டோடு சிறு பங்கு சிலிக்கானையோ அதன் ஆக்சைடையோதான் கலக்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு வழி நீளம்.

ஊதாத பொருளும் ஒன்று உண்டு. லித்தியம் டைட்டனேட். லித்தியம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் பருமன் ஒரு சதவீதம்கூட மாறுவதில்லை. வோல்ட் குறைவு, ஆகவே சேமிப்பும் குறைவு. ஆனால் ஆயுள் நீளம், சார்ஜ் ஏறும் வேகம் அதிகம். ஜப்பானில் 2020இல் ஓடத் தொடங்கிய என்700எஸ் புல்லட் ரயிலில் தோஷிபா செய்யும் இந்த வகைப் பாட்டரி இருக்கிறது. பூகம்பத்தால் மேல்கம்பியில் மின்சாரம் நின்றுபோனாலும், வண்டி தானே மெதுவாக நகர்ந்து பயணிகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பொடியாக்குவதற்கும் விலை உண்டு

நானோ என்றாலே எல்லாம் நன்மை என்று பிரசாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல.

வாசல் அதிகமானால் திருடனுக்கும் வாசல் அதிகம். எதிர்முனையின் மேற்பரப்பில் திரவம் சிதைந்து ஒரு படலம் படிகிறது. அந்தப் படலம் லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. பரப்பு பெருகினால் இந்த நஷ்டமும் பெருகும். அதனால்தான் கிராபைட்டை யாரும் நானோ தூளாக அரைப்பதில்லை. எங்கே பொடியாக்கவேண்டும், எங்கே கூடாது என்று தெரிந்திருப்பதுதான் விஞ்ஞானம்.

2009இல் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் 50 நானோமீட்டர் இரும்பு பாஸ்பேட்டை வைத்து, 10 முதல் 20 விநாடிக்குள் மின்சாரம் முழுவதையும் இறக்கிக் காட்டினார்கள். பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. மிக அதிக வேகத்தைக் காட்டிய அந்த மின்முனையில் பெரும்பகுதி கரி என்பதைப் பல பத்திரிகைகள் எழுதவில்லை. அப்படி ஒரு பாட்டரியை வண்டியில் வைத்தால் சுமக்கப்போவது கரியைத்தான்.

வேலை செய்கிறவர்களின் உடம்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இந்தத் தூள்கள் மூச்சோடு உள்ளே போகும் அளவு நுண்ணியவை. தூளைக் குழைக்கப் பல ஆலைகளில் பயன்படும் என்.எம்.பி. என்ற கரைப்பான், கருவுக்குக் கேடு செய்யும் பொருள் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 2024 ஜூன் 24 அன்று தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரில் ஒரு லித்தியம் பாட்டரி ஆலை தீப்பிடித்து 23 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் 18 பேர் வெளிநாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். அங்கே செய்தது ஒருமுறை மட்டுமே பயன்படும் வேறு வகை லித்தியம் பாட்டரிதான். ஆனாலும் பாடம் ஒன்றே. மூடிய அறை, காற்றோட்டம், தப்பிக்கும் வழி, தொழிலாளிக்குப் பயிற்சி ஆகியவை இல்லாமல் பாட்டரி ஆலை கட்டக்கூடாது.

பலன் யாருக்குப் போயிற்று?

இனி கோர்ட்டு வழக்குக்கு வருவோம். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஹைட்ரோ கியூபெக்கும் இரும்பு பாஸ்பேட்டின் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்தன. ஜப்பானியக் கம்பெனி ஒன்றோடும், அமெரிக்காவில் எம்.ஐ.டி. விஞ்ஞானிகளின் முயற்சியில் 2001இல் தோன்றிய ஏ123 கம்பெனியோடும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. ஏ123க்கு அமெரிக்க அரசு 2009இல் 24 கோடியே 90 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கியது. 2012இல் அது திவாலாயிற்று. சீனாவின் வான்சியாங் கம்பெனி அதை வாங்கியது.

சீனாவில் அரசின் ஆதரவோடு பஸ்ஸுக்கும் காருக்கும் இரும்புப் பாட்டரி பெருவாரியாக உற்பத்தியாயிற்று. மூலக் காப்புரிமைகள் 2022 வாக்கில் காலாவதியாயின. ஆனால் அதற்குள் காகிதத்தில் எழுத முடியாத அறிவு சீன ஆலைகளில் சேர்ந்துவிட்டது. எத்தனை டிகிரி சூடு, எந்த அளவு மணி, எப்படி உருண்டை பிடிப்பது என்ற அறிவு அது. இன்று உலகின் இரும்பு பாஸ்பேட் நேர்முனைப் பொருளில் மிகப் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. 2025 ஜூலையில் சீன அரசு, இந்தத் தயாரிப்பு நுட்பத்தை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. காப்புரிமை முடிந்துவிட்டது, ஆனால் கைத்திறன் சுலபத்தில் கிடைப்பதில்லை.

காங்கோவின் சுரங்கத் தொழிலாளிக்கு என்ன ஆயிற்று? கோபால்ட் தேவை எதிர்பார்த்தபடி வளரவில்லை, உற்பத்தியோ பெருகிவிட்டது, விலை சரிந்தது. 2025 பிப்ரவரியில் காங்கோ அரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. உலகத்துக்குக் கோபால்ட் குறைவாகத் தேவைப்படுகிறது என்பதால் குழிக்குள் இறங்கியவன் வீட்டில் அடுப்பு எரிந்துவிடாது. ஆய்வுக்கூடம் ஓர் உலோகத்தை மாற்றலாம். கூலியையும் வாழ்க்கையையும் மாற்றுவது அதன் கையில் இல்லை.

இரும்புப் பாட்டரியிலும் லித்தியம் வேண்டும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உப்புநீரை இறைத்துக் காயவைத்துத்தான் அதில் ஒரு பங்கு எடுக்கிறார்கள். அங்கே வாழும் பழங்குடி மக்கள் தண்ணீருக்காகப் போராடுகிறார்கள். பாஸ்பேட் வயலுக்கு உரமாகவும் வேண்டும். ஆகவே, தொல்லையில்லாத உலோகம் ஒன்று கிடைத்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் போக முடியாது.

நம் நாட்டில்

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்புவிழா நடந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். லித்தியம் பாட்டரிப் பொருள்களில் நீண்ட காலமாக ஆராய்ச்சி நடக்கும் பொது நிலையம் அது. அப்படி இருந்தும் நம் வண்டிகளில் ஓடும் செல்களில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிதான். ஆண்டுக்கு 50 கிகாவாட் மணி அளவுக்குச் செல் உற்பத்தி செய்ய 2021இல் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. பொதுப் பணம் போகும் இடத்தில் பொது ஆராய்ச்சி நிலையத்தின் அறிவும் போகவேண்டும். நுட்பம் நாட்டில் தங்கவேண்டும். ஆலையில் வேலை செய்கிறவனுக்குப் பாதுகாப்பு இருக்கவேண்டும். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

தோழர்களே! "ஐந்து நிமிடத்தில் சார்ஜ்", "அதிசய நானோ பாட்டரி" என்ற செய்திகள் மாதாமாதம் வருகின்றன. அடுத்த முறை அப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். அது எந்தப் பொருளால் ஆனது? எத்தனை முறை சார்ஜ் செய்தால் தாங்கும்? காட்டியது ஆய்வுக்கூடத்துச் சிறு துண்டா, ஆலையில் செய்த முழுப் பாட்டரியா? அந்தப் பொருளைத் தோண்டுகிறவனுக்கும், அரைக்கிறவளுக்கும், மாதத் தவணையில் வாங்கி ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும் அதனால் என்ன கிடைக்கும்? முதல் மூன்று கேள்விக்கும் விஞ்ஞானி பதில் சொல்வார். நான்காவது கேள்விக்குப் பதில் தேடுகிற வேலை நம்மையும் சேர்ந்தது.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.